உருகிய பிஸ்டன்

மூன்றாவது கியரில் டாக்டர் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தார். என் முதுகு போய்ச் சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

மடியில் லேப்டாப். காதில் பெரிய ஹெட்போன். அதன் ஒயர் டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்து, இன்ஜின் மேல் திருகி வைத்த ஒரு சின்ன மைக்கில் போய் முடிகிறது. அதைப் போட்டுக்கொண்டால் வெளியுலகம் எனக்குக் கேட்காது. இரும்புக்குள் நடப்பது மட்டும் கேட்கும். உள்ளே வேர்க்கடலையைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும்.

அந்தச் சத்தம் வரவில்லை. ஆனால் திரையில் ஒரு கோடு, ஏற வேண்டிய இடத்தில் தலை குனிந்தது.

"விடுங்க டாக்டர். கால எடுங்க!"

எடுத்தார். மஞ்சளும் வெள்ளையும் அடித்த மனைக் கற்களைத் தாண்டிக் கார் மெல்ல உருண்டு நின்றது. காலை ஏழு மணி இருக்கும். கடத்தூருக்கும் பொம்மிடிக்கும் நடுவில் உள்ள ஒரு மனைப்பிரிவு அது. வீடு ஒன்றுகூட வரவில்லை. தார் ரோடு மட்டும் அம்பு மாதிரி நேராகப் போகும். முன்னால் இரும்புக் கேட்டு, பூட்டு. அந்த இடத்துக்காரருடைய பசுவுக்கு இரண்டு முறை பிரசவம் பார்த்தவர் டாக்டர். அந்த உரிமையில் சாவி எங்களிடம் இருந்தது.

"என்னாம்மா ஆச்சி?"

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் தானாக ஆடத் தொடங்கியது.

"கால ஆட்டாதீங்கம்மா. எனக்குப் படபடங்குது."

உட்காரத் தெரியாதவள்

இந்தக் கால் ஆட்டும் பழக்கம் பிறவியிலிருந்தே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சே ஆடும். பக்கத்தில் உட்கார்ந்தவள் டீச்சரிடம் இடம் மாற்றிக் கேட்டாள். கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்தும் ஆட்டினேன். "பொண்ணுக்குக் குளிர் சொரமா?" என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேட்டார்கள்.

தர்மபுரி பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தேன். பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் இன்ஜின் சோதனை அறையில் வேலை. தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜின் கதறும், இந்தப் பக்கம் நான் எண்களைப் பார்ப்பேன். எட்டு மணி நேரம் உட்கார வேண்டிய வேலை. நான் நின்றே பார்த்தேன். அந்தப் பகுதியில் நான் ஒருத்திதான் பெண் என்பதால், மரியாதைக்கு எழுந்து நிற்கிறேன் என்று புது மேலாளர் ஒருவர் நினைத்துக்கொண்டார். "உக்காருங்க, உக்காருங்க" என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அதன் பிறகு பெங்களூரில் சில வருடங்கள். இப்போது கடத்தூரில் சொந்தமாக ஒரு ஷெட். பலகையில் "கார் டியூனிங்" என்று எழுதியிருக்கும். திறந்த முதல் வாரத்தில் ஒரு பெரியவர் வந்து, "ஆர்மோனியத்துக்கும் பாப்பீங்களா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் செய்வதும் ஏறக்குறைய அதுதான், காதை வைத்துக் கேட்டுச் சரிசெய்வது.

காற்றும் பெட்ரோலும்

என்ன வேலை என்று பலரும் கேட்பதால் ஒரு தடவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்த புதிதில் ஒரு பர்னர் மஞ்சளாக எரியும். பாத்திரமெல்லாம் கரி. அம்மா தேய்த்துத் தேய்த்துத் திட்டுவாள். அடியில் காற்றுப் போகிற ஓட்டையை ஒரு வளையம் பாதி மூடியிருந்தது. அதை நான் கொஞ்சம் திருப்பினேன். சுடர் நீலமானது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். சுடர் பர்னரை விட்டு எழும்பி, 'பப்' என்று அணைந்தது. காற்று குறைந்தால் கரி, கூடினால் அணையும். இன்றைக்கு வரை நான் செய்கிற தொழில் அந்த வளையத்தைத் திருப்புகிற தொழில்தான்.

காரில் டர்போ என்று ஒன்று இருந்தால் விஷயம் கொஞ்சம் பயங்கரமாகிவிடும். இன்ஜின் வெளியே தள்ளுகிற புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை அந்த அழுத்தத்தில் அணையாது. கண்டபடி வெடிக்கும், சூடு ஏறும், கடைசியில் பிஸ்டன் உருகும்.

அதனால் நாங்கள் எப்போதும் பெட்ரோல் அதிகமான பக்கத்திலிருந்துதான் தொடங்குவோம். கூடுதல் பெட்ரோல் உள்ளே போய்ச் சூட்டைத் தணிக்கும். கொஞ்சம் வேகம் போகும், உயிர் இருக்கும். டர்போவின் அழுத்தத்தை முதலில் தாழ்வாக வைத்து, அங்கே எல்லாம் சரி என்றால்தான் ஒரு படி மேலே. ஒவ்வொரு படியிலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். பங்கில் இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய அளவுகளை அப்படியே நம்பவும் கூடாது. ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது, திரையைப் பார்ப்பவர் ஓட்டக் கூடாது. பொறுமை இருக்கிறவர்களுக்கான வேலை. என்னைப் போன்ற ஒருத்தி இதில் வந்து மாட்டியதை என்னவென்று சொல்ல.

டாக்டரின் ஆசை

டாக்டர் என்றால் கால்நடை மருத்துவர். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர், பெயர் சிவராஜ், ஐம்பதைத் தாண்டியவர். பேச்சில் அவசரமே இருக்காது. இருபத்தைந்து வருடமாக மலையடிவாரத்து ஊர்களில் மாடு, ஆடு, கோழி என்று அலைந்தவர்.

அவருக்கு ஒரு ஆசை. கோயம்புத்தூர் பக்கம் ஒரு ரேஸ் டிராக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துத் தங்கள் காரை ஓட்டலாம். ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். வாழ்க்கையில் ஒருமுறை அதில் ஓட்ட வேண்டும். கல்லூரியில் கூடப் படித்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அவர் மனைவி மலர்க்கொடிக்கு மட்டும் கடைசி வாரம்தான் சொன்னார்.

கார் பழைய சின்ன டர்போ பெட்ரோல் கார். முன்பு வைத்திருந்தவர் அதில் பெரிய டர்போ ஒன்றை மாட்டி, இன்ஜின் கம்ப்யூட்டரையும் மாற்றியிருந்தார். பெட்ரோல் பம்பை மட்டும் மாற்றவில்லை. அது பழைய பம்பு என்று எனக்குத் தெரியும். "இந்த அளவுக்குத் தாங்கும்" என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இரண்டு வாரமாகப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு வந்தோம். எல்லாப் படியும் சுத்தமாக இருந்தது. கடைசிப் படியில், வெள்ளிக்கிழமை காலையில், பந்தயத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது, கோடு தலை குனிந்தது.

"காரு என்னுதும்மா"

அந்தக் கோடு பெட்ரோலின் அழுத்தம். டர்போவின் அழுத்தம் ஏற ஏற அதுவும் கூடவே ஏற வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று சுற்றுகிற வரை ஏறியது. அதற்கு மேல் இறங்கியது. கலவையின் அளவு இன்னும் கெட்டுப்போகவில்லை, ஆனால் கெடப் போகிற பாதையில் இருந்தது.

"பம்பு தெணறுதுங்க டாக்டர். இதுக்கு மேல ஏத்த முடியாது. புதுப் பம்பு பெங்களூர்ல இருந்து வரணும். செவ்வாக்கெழம ஆவும்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"கம்ப்யூட்டர்ல பெட்ரோல கொஞ்சம் கூட்டி வெக்க முடியாதா?"

முடியும். அதுதான் கஷ்டமே. அந்த இடத்தில் அளவைக் கூட்டிப் போட்டால் இன்றைக்குத் திரையில் எண்கள் அழகாக வந்துவிடும். ஆனால் பம்பு இன்றைக்கு எந்த இடத்தில் மூச்சு வாங்கியதோ, அதே இடத்தில்தான் நாளைக்கும் வாங்கும் என்று யார் உறுதி கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை வெயிலில் இன்னும் முன்னாலேயே விட்டுவிடலாம்.

"அது நோவ மறைக்கற மாதிரிங்க," என்றேன்.

"ரெண்டே சுத்துதானம்மா. அதுக்குள்ள என்னா ஆயிடப் போவுது? லீவு போட்டாச்சி. சேலத்துல இருந்து, நாமக்கல்ல இருந்து பசங்க எல்லாம் வராங்க."

"கம்மி அழுத்தத்துல ஓட்டுங்க. அதுல கோடு நேரா இருக்குது. நானே கூட வரேன்."

"கம்மின்னா எவ்ளோ கம்மி?"

"மொத வாரம் ஓட்டுனோமே, அது."

அவர் முகம் சிவந்தது. இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்து கேட்டேன்.

"அதுக்கு என் ஸ்கூட்டர்லயே போயிடுவேன். காரு என்னுதும்மா. உருகுனா என்னுது உருவட்டும். நீங்க போட்டுக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

என்னால் சீட்டில் இருக்க முடியவில்லை. இறங்கினேன். மனைக் கற்களுக்கு நடுவில் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். போட்டுக் கொடுத்துவிடலாம். பத்து நிமிட வேலை. தாங்கினாலும் தாங்கும். தாங்கினால் எல்லாருக்கும் சந்தோஷம். இதே கணக்கை முன்பு ஒருமுறை போட்டவள் நான்.

திரும்பி வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை, என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை, ஒரு மாட்டு டாக்டரிடம் சொல்லத் தொடங்கினேன்.

பெங்களூரில் ஒரு சாயங்காலம்

பெங்களூரில் நான் வேலை பார்த்த பட்டறையில் காரை உருளைகள் மேல் ஏற்றிக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்க்கிற மேடை உண்டு. சக்தி எவ்வளவு என்று பெரிய திரையில் எண் வரும். அந்த எண்ணுக்காகவே ஆட்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள்.

நாகராஜ் என்று ஒருவர். ஓசூர்க்காரர், பூச்செடி நர்சரி வைத்திருந்தார். டர்போ கார் ஒன்றைப் பிள்ளையைப் போல வைத்திருந்தார். அன்று அவருடைய நண்பர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நான்தான் லேப்டாப்பில்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எண் ஏறியது. ஒவ்வொரு தடவையும் கைதட்டல். எனக்கும் உள்ளுக்குள் தட்டியது. பொய் சொல்ல மாட்டேன், அது ஒரு போதை. கடைசிக்கு முந்தின ஓட்டத்தில் உச்சியில் கலவை கொஞ்சம் மெலிந்ததைப் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். சென்சார் சூடாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழுத்தத்தைக் குறைக்கவில்லை. இன்னொரு ஓட்டம் ஓட்டினேன்.

முதலில் சத்தம் மாறியது. பிறகு பின்னால் நீலப் புகை. பட்டறையே மூழ்குகிற அளவுக்குப் புகை. இருமிக்கொண்டே எல்லாரும் வெளியே ஓடினார்கள்.

மறுநாள் அவர்கள் எல்லாரும் இருக்கும்போதே இன்ஜினைத் திறந்தோம். மூன்றாவது பிஸ்டனின் ஓரத்தை யாரோ கடித்துத் தின்ற பிஸ்கட் மாதிரி காணோம். நாகராஜ் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "எதனால மேடம்?" என்று கேட்டார்.

"பெட்ரோல் பீச்சற இன்ஜெக்டர் ஒண்ணு அடச்சிக்கிச்சி. அத முன்னாடியே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது," என்றேன்.

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய். அவர் தலையை ஆட்டினார். எனக்கு நன்றிகூடச் சொன்னார். அந்தக் காரை அவர் அதன் பிறகு வைத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டுக் கடத்தூருக்கு வந்தேன். ஊர்ப் பக்கமே இருக்கலாம் என்று தோன்றியது என எல்லாரிடமும் சொன்னேன்.

டாக்டர் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவருகிட்ட அப்பறம் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

அவர் இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்தார். பிறகு வந்து உட்கார்ந்து, முன்னால் பார்த்தபடி, "சரி. கொறச்சே வெய்யுங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை

அழுத்தத்தைக் குறைத்தேன். பெட்ரோல் இறங்கினால் கம்ப்யூட்டரே இன்ஜினை அடக்கிவிடுகிற மாதிரியும் செய்து வைத்தேன். சனிக்கிழமை அதே மனைப்பிரிவில் ஆறு தடவை ஓட்டிப் பார்த்தோம். ஆறு தடவையும் கோடு நேராக நின்றது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, வெளுத்திருக்கிறதா என்று நிறம் பார்த்தேன். நன்றாக இருந்தன. ஆனாலும் அன்று சோறு இறங்கவில்லை.

டிராக்கில் வெயில் தீயாக இருந்தது. மலர்க்கொடி அக்கா புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் கம்பி வேலி ஓரமாக அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏங் கண்ணு, நீ இப்டி நடக்கறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்குது. அவருக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஆவாதுக்கா. நான் எப்பவும் இப்டித்தான் நடப்பேன்."

"வண்டி நல்லாத்தான இருக்குது?"

"மெதுவாத்தான் போவும். நல்லா இருக்குது."

டாக்டர் இரண்டு சுற்றும் ஓட்டினார். வளைவுகளில் அவ்வளவு சுத்தமாக ஓட்டினார். நேர் ரோட்டில் கல்லூரிப் பையன்களின் கார்கள் பறந்த இடத்தில் இவர் கார் பஸ் மாதிரி போனது. பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். கடைசியாக வந்தவருக்குப் பாதியில் டயர் பஞ்சர்.

நண்பர்கள் தோளைத் தட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எரும மேல போன மாதிரி இருந்திச்சிம்மா."

அவ்வளவுதான் சொன்னார். சேலம் தாண்டி மஞ்சவாடிக் கணவாய் ஏறித் திரும்பினோம். பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கும்போது, "பம்பு வந்தா போன் பண்ணுங்க," என்றார். சிரிக்கவில்லை. நான் பண்ணியது சரிதானா என்று அன்று முழுக்க எனக்குச் சந்தேகம். ஒருவேளை தாங்கியிருக்குமோ? அந்த மனுஷருடைய ஒரே ஞாயிற்றுக்கிழமையை என் பழைய பயத்துக்குப் பலி கொடுத்துவிட்டேனோ?

தொட்டிக்குள் இருந்தது

செவ்வாய்க்கிழமை பம்பு வந்தது. டாக்டரும் வந்தார். பின்சீட்டைத் தூக்கி, தொட்டி மூடியைத் திறந்து, பழைய பம்பை வெளியே எடுத்தேன்.

ஒயர் வந்து சேர்கிற பிளாஸ்டிக் இணைப்பு கருகி வழிந்திருந்தது. உள்ளே செம்பு இழைகள் நாலைந்துதான் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் லேசாகத் தொட்டேன். அதுவும் கையோடு வந்துவிட்டது.

பம்புக்குப் போதுமான கரண்டே போகவில்லை. பெரிய பாரம் கொடுத்திருந்தால் அந்த நாலு இழையும் ஓட்டத்திலேயே போயிருக்கும். பம்பு தாங்கும் என்று கணக்குப் போட்டபோது நான் ஒயரைத் திறந்து பார்க்கவில்லை. அது என் தவறு. அதை அப்போதே அவரிடம் சொல்லிவிட்டேன்.

டாக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம நான் கேட்ட மாதிரி போட்டிருந்தா?"

"நேர் ரோட்ல ஒயர் போயிருக்கும். பிஸ்டன் உருகியிருக்கும்."

"எனக்கு?"

"இன்ஜின் ஒடஞ்சி ஆயில் டயர்ல பட்டா வண்டி உங்க பேச்சக் கேக்காதுங்க."

கருகிய இணைப்பைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "மலர்கிட்ட இத சொல்ல வேணாம்மா," என்றார்.

"நானாப் போயி சொல்ல மாட்டேன். அக்கா கேட்டா சொல்லிடுவேன் டாக்டர்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். ஷெட்டுக்குப் பின்னால் போனேன். நாகராஜின் எண்ணை அழிக்காமல்தான் வைத்திருந்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"யாரு, ஜெயந்தி மேடமா? சென்னாகித்தீரா, நல்லா இருக்கீங்களா மேடம்? எவ்ளோ வருஷமாச்சி!"

அந்தச் சந்தோஷத்தைக் கேட்டதும் போனை வைத்துவிடலாமா என்று தோன்றியது. நடந்துகொண்டே, மூச்சு விடாமல், எல்லாவற்றையும் சொன்னேன். உச்சியில் மெலிந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஓட்டினேன். இன்ஜெக்டர் பொய். உங்கள் இன்ஜினை உருக்கியது நான்.

அந்தப் பக்கம் தண்ணீர் பாய்கிற சத்தம். யாரிடமோ "மோட்டார நிறுத்து" என்றார். சத்தம் நின்றது.

"மேடம், 'இன்னொண்ணு போடுங்க'ன்னு சொன்னது நாந்தான? உங்க பின்னாடியே நின்னுட்டிருந்தேன். அந்தக் கலவ நம்பர் மாறுனத நானும் பாத்தேன்."

எனக்கு அது நினைவில்லை. அன்று அவர் சொன்னது என் காதில் விழவே இல்லை.

"'நாகராஜ் சொல்லித்தான் போட்டேன்'னு எல்லார் முன்னாடியும் என்ன கை காட்டியிருக்கலாம். பிரெண்ட்ஸ் முன்னாடி எனக்கு அசிங்கம் ஆவக்கூடாதுன்னுதான் நீங்க இன்ஜெக்டர்னு சொன்னீங்கன்னு நெனச்சேன். வூட்ல கூட சொல்லியிருக்கேன் மேடம், இப்படி ஒருத்தங்க இருந்தாங்கன்னு."

நடை நின்றுவிட்டது.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அந்தப் பக்கம் அவர் அதற்காகத்தான் காத்திருந்தார் என்றுகூடத் தோன்றியது.

"இல்லீங்க நாகராஜ். உங்கள நான் நெனக்கவே இல்ல. என்னக் காப்பாத்திக்கத்தான் சொன்னேன்."

லைன் இருக்கிறதா என்று ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தேன்.

"அப்படீங்களா," என்றார். பிறகு, ரொம்ப மரியாதையாக, "சரிங்க மேடம். வூட்ல போயி மாத்திச் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.